இந்த முறை காய்ச்சல் வரவில்லையே!

கேள்வி: இரண்டு வருடம் தூக்கத்தைத் தொலைத்துப் படித்தேன். முதல் முறை தேர்வன்று காய்ச்சல். நேரம் சரியில்லை, கோட்டைவிட்டேன். இப்போது தேறிவிட்டேன். ஆனால் பாராட்ட வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "எல்லாம் கடவுள் சித்தம்" என்கிறார். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனாலும் எரிச்சல் வருகிறது. பணிவு என்றால் என் உழைப்பை நானே மட்டம் தட்டிக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். உழைத்தவர் உழைத்தேன் என்று சொல்வதில் அகந்தை எங்கே இருக்கிறது? "என் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு, எதிராளி "ஆமாம், வாஸ்தவம்தான்" என்றதும் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. (சில நாள் நானும் அந்த ரகம்தான்.)

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். காய்ச்சல் வந்ததற்கு 'நேரம் சரியில்லை' என்கிறீர்கள். சரி. இந்த முறை வரவில்லையே, அதை யார் கணக்கில் எழுதுவது? தேர்வறையில் படித்தது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமும் இதயம், நீங்கள் சொல்லிவைக்காமலே, நாளுக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடித்தது. இதில் எதற்கு நீங்கள் ராப்பகலாக உழைத்தீர்கள்?

பைபிளில் யாக்கோபின் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் வியாபாரிகள் வருகிறார்கள். இன்ன ஊருக்குப் போவோம், ஒரு வருடம் தங்குவோம், லாபம் பார்ப்போம் என்று பேசுகிறவர்கள். போகாதே, விற்காதே என்று யாக்கோபு தடுக்கவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாதவன் ஒரு வருடத்தை மடியில் முடிந்து வைத்திருப்பவன் போலப் பேசலாமா என்றுதான் கேட்கிறார். ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். முஸ்லிம்கள் நாளைய காரியத்தோடு 'இன்ஷா அல்லாஹ்' சேர்ப்பதும் இதே பொருளில்தான். மாணிக்கவாசகரோ, அவன் தாளை வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்கிறார். எனக்கு அது இன்னும் எட்டாத உயரம்.

புத்தகத்தைத் திறக்காமல் போய்த் தோற்றுவிட்டு 'அவன் சித்தம்' என்பவர்களும் இருக்கிறார்கள். அது சோம்பல், கடவுளை அதில் இழுக்கக் கூடாது. நீங்கள் அப்படி இல்லை.

அப்புறம் அம்மா. நீங்கள் விளக்கைப் போட்டுப் படித்த இரவுகளில் அவரும் அரைத் தூக்கத்தில்தான் இருந்திருப்பார். உங்களுக்காவது புரட்டப் புத்தகம் இருந்தது. அவருக்குக் கும்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பலித்ததும் நன்றி சொல்கிறார். அடுத்த முறை அவர் அதைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று, "ஆமாம்மா" என்று சொல்லிப் பாருங்களேன்.