பம்பர் டூ பம்பர் எடுத்தால் இன்ஜினுக்கும் சேருமா?

கேள்வி: வேளச்சேரியில் வீட்டின் தரைத்தளத்தில் கார் நிறுத்துகிறேன். 1200 சிசி பெட்ரோல் கார். வாங்கி நாலு வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்துக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். இதுவரை கிளெய்ம் போட்டதில்லை. ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட், கன்ஸ்யூமபிள்ஸ், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், ரோடுசைடு அசிஸ்டன்ஸ், சாவி, டயர் என்று ஏழு கூடுதல் இணைப்புகள் (ஆட்-ஆன்) இருக்கின்றன. எதை எடுக்கலாம்? பம்பர் டூ பம்பர் எடுத்தாலே வெள்ளத்தில் இன்ஜின் போனாலும் பணம் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வராது. அதனால் இன்ஜினிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எடுக்கும் முழு பாலிசியிலேயே வெள்ளச் சேதம் அடக்கம். சீட், கார்ப்பெட், வயரிங் எல்லாம் அதில் வந்துவிடும். சிக்கல் அடுத்த நாள் காலையில்தான். தண்ணீர் வடிந்ததும், ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புகிறோம். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சாதாரண பாலிசி ஒதுக்கிவிடும். நம் ஊரில் பம்பர் டூ பம்பர் என்று சொல்லும் ஜீரோ டெப்பும் இதற்கு உதவாது. கைகொடுப்பது இன்ஜின் புரொடெக்ட் மட்டுமே.

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊர் உங்களுடையது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள் உங்கள் பகுதிக்காரர்கள். கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான இன்சூரன்ஸ் தெரியாது. இன்ஜின் புரொடெக்டைக் கண்டிப்பாக எடுங்கள். எடுத்திருந்தாலும், நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியப் படமெடுத்து, இழுவை வண்டியில் அனுப்புங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் தகராறு செய்யும் விதிகளும் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அந்தப் பகுதியை மட்டுமாவது ஏஜென்ட்டிடம் வாங்கிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது ஜீரோ டெப். இது இல்லையென்றால் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள்: பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம்; ஐந்தாவது வருடத்தில் ஓடும் வண்டியின் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம். ஒரு முன்பக்க மோதலை எடுத்துக்கொள்வோம். பம்பர் 8,000 ரூபாய், பானெட் 10,000, பெயின்ட் 12,000, கூலி 4,000, ஆக மொத்தம் 34,000. பம்பரில் 4,000, பானெட்டில் 3,500 கழியும். பெயின்ட் தொகையில் கால் பங்கை மெட்டீரியல் என்று வைத்து அதில் பாதி, 1,500 கழியும். கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 வேறு. கைக்காசு 10,000 ரூபாய் போகும். ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 மட்டும்தான். வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும்; கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்கு வயதாக ஆக இதைத் தருவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் கிடைக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம்.

கன்ஸ்யூமபிள்ஸ் என்பது ஆயில், கூலன்ட், ஏசி கேஸ், நட்டு போல்ட்டுக்கான கணக்கு. சின்ன மோதலில் இது பெரிய தொகை இல்லை. வெள்ளத்தில் நனைந்த வண்டியில் எல்லா ஆயிலையும் மாற்றச் சொல்வார்கள் என்பதால் உங்களுக்கு மட்டும் சரி என்பேன்.

வண்டி முழுதும் போனால் வாங்கிய பில் தொகையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், புது வண்டிக்கானது. ஐந்தாவது வருடத்தில் பெரும்பாலும் தர மாட்டார்கள்; தந்தால் விதியை ஒருமுறை சரிபாருங்கள். ஆனால் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐடிவியை, அதாவது வண்டிக்குப் பாலிசியில் போடும் மதிப்பை, இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள், அப்போது கைக்கு வருவது அந்த ஐடிவி தொகைதான்.

சாவி, டயர் இரண்டையும் விடுங்கள். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் கார் கம்பெனி தந்த நீட்டித்த வாரன்டியிலேயே இருக்கலாம், பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு முடிவெடுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் கேளுங்கள். நாலு வருடம் கிளெய்ம் இல்லாததால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) உங்களுக்கு 45 சதவீதத் தள்ளுபடியாக நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி) வர வேண்டும். கோட்டேஷனில் அது 35 என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஒரு கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்ஜியமாகிவிடும். அதைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் என்ற இணைப்பும் உண்டு. இணைப்புகளை நடுவில் சேர்ப்பது பொதுவாக நடக்காது. அதனால் பாலிசி முடியும் தேதிக்கு முன்பே இன்ஜின் புரொடெக்ட், ஜீரோ டெப், கன்ஸ்யூமபிள்ஸ் மூன்றை மட்டும் வைத்துப் புதுக் கோட்டேஷன் வாங்கி, வேறு இரண்டு கம்பெனியின் விலையோடு அதே ஐடிவியில் ஒப்பிடுங்கள்.