மேலே ஐஸ், கீழே புளித்த மாவு

கேள்வி: எங்கள் இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் நன்றாக உறைகிறது. ஆனால் கீழ்த்தட்டில் வைக்கும் இட்லி மாவு மறுநாளே புளித்துவிடுகிறது. வந்து பார்த்தவர் கேஸ் ஏற்றச் சொல்கிறார். ஏற்றலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஃப்ரீசர் கல்லாக உறைகிறது என்றால் கேஸ் மீது எனக்குச் சந்தேகம் வருவதில்லை. கேஸ் நன்றாக மூடிய குழாய்க்குள் சுற்றுவது, கசிந்தால்தான் குறையும். கசிவைக் காட்டாமல் யாரும் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

உங்கள் மாடலில் குளிர்ச்சி முழுவதும் ஃப்ரீசரின் பின்தகட்டுக்குள் இருக்கும் காயில் என்ற வளைகுழாயில்தான் உண்டாகிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் காற்றைக் கீழே தள்ளும். காயிலில் படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பனி அடைத்துக்கொண்டு காற்று கீழே இறங்காது.

சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவுகளையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள்! காயில் ஓட்டையாகும், புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய கேஸ்.

அப்புறம் சில நாள் நன்றாக ஓடி மறுபடி இதே தொல்லை வந்தால் ஹீட்டர், சென்சார், டைமரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பனி கரைந்தும் கீழே குளிரவே இல்லையென்றால் ஃபேன் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.