முதலிடம் வந்தும் வேட்பாளர் ஆக முடியாதா?

கேள்வி: அயோவா மாநிலத்தில் டி மொயின் நகருக்கு அருகே வசிக்கிறோம். சென்ற ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கணவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஜூன் மாத முதன்மைத் தேர்தலில், எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரே கட்சியில் ஆறு பேர் போட்டியிடுகிறார்கள். யாருக்கும் போதிய வாக்கு கிடைக்காது, கட்சி மாநாடுதான் முடிவு செய்யும் என்கிறார்கள். அப்படியானால் என் வாக்கு வீணா? டல்லாஸில் இருக்கும் அண்ணன் இரண்டாம் சுற்று வரும் என்கிறார். இங்கே எங்கள் விழாக்களுக்கு வந்துபோகும் ஒருவர், 500 டாலர் ரொக்கமாகத் தந்தால் என்னை மாநாட்டுப் பிரதிநிதி ஆக்குவதாகச் சொல்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். கேட்ட வரிசையை மாற்றி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை காத்திருக்கும், அந்த ஆள் காத்திருக்கமாட்டார்.

நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் தனி நபரிடம் 100 டாலருக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். 500 டாலரை நோட்டாகக் கேட்கிறவர் அதை வேட்பாளரின் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வேட்பாளருடன் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் வந்து "கட்சியில் எல்லாரும் நம் கைக்குள்" என்பார்கள், கட்சியிடம் போய் "இந்திய வாக்குகள் என் கைக்குள்" என்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றும் இருக்காது.

அடுத்து அவர் உங்கள் கணவரிடம் வருவார். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தைத் தேர்தல் நன்கொடையாகத் தரலாம், தடையில்லை. எச்1பி விசாவில் இருப்பவர் தரக் கூடாது. பேரனைப் பார்க்க வந்திருக்கும் மாமனாரும் தரக் கூடாது. "அவர் பணத்தை உங்கள் பெயரில் எழுதிவிடலாம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம். நல்ல வேலையில் இருக்கும், படித்த குடும்பங்களே இதைக் கூச்சமில்லாமல் செய்துவிட்டு, பிறகு தூக்கமின்றி என்னைத் தொலைபேசியில் அழைத்திருக்கின்றன.

இப்போது மாநாட்டுக்கு வருவோம். அயோவாச் சட்டப்படி, முதன்மைத் தேர்தலில் முதலிடம் பெறுவது மட்டும் போதாது, குறைந்தது 35 சதவீத வாக்கும் வேண்டும். அது யாருக்கும் கிடைக்காவிட்டால், அந்தத் தொகுதியின் கட்சி மாநாடு கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும். மக்கள் மறுபடி வாக்களிப்பதில்லை.

அந்த மாநாட்டில் உட்காருகிறவர்கள் யார்? இதை யாரும் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். குளிர்காலத்தில் ஓர் இரவு, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ நூலகத்திலோ, உங்கள் வாக்குச்சாவடிப் பகுதியின் காகஸ், அதாவது கட்சிக்காரர்கள் கூடும் உள்ளூர்க் கூட்டம், நடந்திருக்கும். அங்கே வந்தவர்கள் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புகிறார்கள், கவுன்டி மாநாடு தொகுதி மாநாட்டுக்கு அனுப்புகிறது. ஜூனில் தேர்தல் இழுபறியானால் கூடுவது அதே ஆட்கள்தான். ஆகவே பட்டியல் எப்போதோ எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. 500 டாலருக்கு அவர் விற்கப் பார்ப்பது அவரிடம் இல்லாத நாற்காலி.

2014-இல் அயோவாவின் மூன்றாவது தொகுதியில் நடந்ததைக் கேளுங்கள். அத்தொகுதியின் உறுப்பினர் டாம் லேதம் ஓய்வு பெற்றதால் காலியான இடத்துக்குக் குடியரசுக் கட்சியில் ஆறு பேர் போட்டியிட்டார்கள். சுமார் 25 சதவீதத்துடன் பிராட் ஜான் முதலிடத்தில் இருந்தார். டேவிட் யங் ஐந்தாம் இடம், சுமார் 16 சதவீதம். ஜூன் 21 அன்று மாநாடு கூடியது. ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளராக வெளியே வந்தவர் டேவிட் யங்! நவம்பரில் பொதுத் தேர்தலிலும் அவரே வென்றார். முதலிடத்துக்காரரை விரும்பாதவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆள் தேடினார்கள், பலருக்கும் இரண்டாவது விருப்பமாக இருந்தவரிடம் போய் நின்றார்கள். எப்போதும் இப்படித்தான் முடியும் என்று பயப்பட வேண்டாம். 2002-இல் ஐந்தாவது தொகுதியில், முதன்மைத் தேர்தலில் முன்னணியில் இருந்த ஸ்டீவ் கிங்கையே மாநாடும் ஏற்றுக்கொண்டது.

உங்கள் அண்ணன் சொல்வதும் பொய்யில்லை, அவர் டெக்சாஸ் கணக்கைச் சொல்கிறார். அங்கே பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல். 2012-இல் செனட் இடத்துக்கு டேவிட் டியூஹர்ஸ்ட் முதல் சுற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் வாங்கி முன்னணியில் இருந்தார். ஜூலை 31 மறுதேர்தலில் அவரைத் தோற்கடித்தார் டெட் குரூஸ். அண்ணனிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். முதல் சுற்றில் ஒரு கட்சிக்கு வாக்களித்தவர் மறுதேர்தலில் மற்றக் கட்சிக்கு வாக்களிக்க முடியாது. ஆனால் முதல் சுற்றுக்கே போகாதவர், வாக்காளராகப் பதிந்திருந்தால், மறுதேர்தலில் எந்தக் கட்சிக்கும் போகலாம். அதாவது மார்ச்சில் ஒழுங்காக வரிசையில் நின்றவருக்குக் கட்டுப்பாடு, வீட்டில் தூங்கியவருக்குச் சுதந்திரம். முதல் சுற்றைத் தவறவிட்டோம், இனி உரிமை இல்லை என்று நினைத்துப் பலர் மறுதேர்தலுக்குப் போவதேயில்லை. உரிமை உண்டு, போகச் சொல்லுங்கள். இதெல்லாம் டெக்சாஸுக்கு. உங்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

உங்கள் வாக்கு வீணா என்றால், இல்லை. யாராவது ஒருவரை 35-க்கு மேல் தள்ளிவிட்டால் மாநாட்டுக்கே வேலையில்லாமல் போகும், அதைச் செய்யக்கூடியது உங்கள் வாக்கு மட்டுமே. தள்ள முடியாவிட்டால், மறுநாளே கவுன்டி கட்சித் தலைவரை அழைத்து, உங்கள் பகுதியிலிருந்து தொகுதி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள் யார் என்று கேளுங்கள். இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். அவர்கள் உங்கள் தெருவில், உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கும் சாதாரண மனிதர்கள். நேரில் போய், நீங்கள் விரும்பும் வேட்பாளரின் பெயரைச் சொல்லுங்கள். கூடவே, அவருக்குக் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பதையும் சொல்லுங்கள். டேவிட் யங் கதையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

பிரதிநிதியாகவே ஆக வேண்டும் என்றால் அடுத்த காகஸ் வரை பொறுத்திருங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத ஆண்டிலும் காகஸ் உண்டு, அப்போது கூட்டமே வராது. நான் போன ஒரு கூட்டத்தில் நிரப்ப வேண்டிய இடங்களைவிட வந்திருந்த தலைகள் குறைவு. கவுன்டி மாநாட்டுக்கு யார் போகிறீர்கள் என்று தலைவர் கெஞ்சாத குறைதான். ஒரு பாட்டியம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கை தூக்கினார், அவர் பிரதிநிதி ஆகிவிட்டார். காசு கேட்கவில்லை. கணவரையும் அழைத்துப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார வையுங்கள். ஆர்வத்தில் அவர் வாக்குக்குக் கை தூக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்கே ஆபத்தாக முடியும்.