சிஸ்டர் பதில்கள்: "அம்மாவைச் சோதனை எலியாக்கிவிடுவார்களா?"

மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகளில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் சர்க்கரை, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) பற்றி வந்த கடிதங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. தஞ்சாவூரில் நாங்கள் பார்க்கும் டாக்டர், புது மருந்து ஆய்வு ஒன்றில் அம்மாவைச் சேரச் சொல்கிறார். ஒரு வருடத்துக்கு மருந்து, ரத்தப் பரிசோதனை, பஸ் செலவு எல்லாம் அவர்களுடையது. கையெழுத்துப் போட 18 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "உங்க அம்மாவைச் சோதனை எலியாக்கப் பாக்குறாங்கடா" என்கிறார் மாமா. சேர்க்கலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள். சம்மதம் அவருடையது, மகன் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுதும் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும்.

மாமா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. என்ன மருந்து, எதற்கு என்று புரியவைக்காமலே நோயாளிகளை ஆய்வில் சேர்த்ததாக நம் நாட்டில் புகார்கள் எழுந்து, 2013-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ல் வந்த விதிகள். அதன்படி, ஆய்வுக் காலத்தில் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரை அவர்கள் செலவில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும்.

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்களே, அது நல்ல அடையாளம். ஒரு சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். 18 பக்கமும் தமிழில் இருக்க வேண்டும்; புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில், கோடு போட்ட படிவத்தோடு திரும்பி வரும் குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கேள்வியே கேட்காமல் "எங்க சிஸ்டர் போடணும்?" என்று பேனாவை வாங்குபவர்களைத்தான் நான் மறுபடி உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.

எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்க மாட்டார். கணினி குலுக்கிப் போடும். அம்மாவுக்குப் புது மருந்து வரலாம், பழைய மருந்து வரலாம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் வரலாம். பல ஆய்வுகளில் அது டாக்டருக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. 'வெறும் மாத்திரை' என்றதும் பதற வேண்டாம். சர்க்கரை ஆய்வுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே போடும் மருந்தை நிறுத்தாமல் அதற்கு மேல்தான் இதைக் கொடுப்பார்கள். சர்க்கரை ஓர் அளவைத் தாண்டினால் வேறு மருந்து சேர்ப்பார்கள். அந்த அளவு எவ்வளவு, அம்மாவின் இப்போதைய மாத்திரைகள் தொடருமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. அந்தப் பெயரில் தொடங்கும் பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வு அங்கே பதிவாகியிருக்க வேண்டும். யார் பணம் போடுகிறார்கள் என்பதும் அதில் தெரியும். ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குழுவில் ஒரு வழக்கறிஞரும், மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவரும் இருப்பார்கள். தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும். மனக்குறை இருந்தால் அம்மா அவர்களுக்கே போன் போடலாம்.

ஆறாவது மாதத்தில் வேண்டாம் என்று தோன்றினால் அம்மா விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தில் அவர்கள் கை வைக்கக்கூடாது.

கேள்வி: வயது 27. பி.சி.ஓ.டி. இருக்கிறது, இரண்டு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். டாக்டர் லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சித்தப்பா, "இது மார்பகப் புற்றுநோய் மாத்திரை, இதைத் தடை பண்ணியிருந்தாங்க" என்கிறார். ஐந்து மாத்திரையும் பீரோவில் இருக்கிறது. போடவே பயமாக இருக்கிறது.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: சித்தப்பா சொன்ன இரண்டும் உண்மைதான் கண்ணு. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

லெட்ரோசோல், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயில் அதைக் கொடுப்பது அதனால்தான். உங்கள் வயதில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கும்போது நடப்பது வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளை உணர்ந்து, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பச் செய்கிறது. முட்டை வெளிவருகிறது.

2005-ல் கனடாவில் ஒரு மாநாட்டில், இந்த மருந்துக்குப் பிறகு பிறந்த 150 குழந்தைகளில் பிறவிக் குறைகள் அதிகம் என்று ஒரு குழு சொன்னது. உலகமே பயந்தது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது யாரோடு? சிக்கலே இல்லாமல் தானாகக் கருத்தரித்த, வயது குறைந்த தாய்மார்களின் குழந்தைகளோடு. சிகிச்சைக்கு வரும் பெண்களை அப்படி ஒப்பிடுவது சரியல்ல. அடுத்த ஆண்டே கனடாவில் மொத்தம் 911 குழந்தைகளின் விவரத்தை எடுத்து, லெட்ரோசோல் போட்டவர்களின் குழந்தைகளை, அதே மாதிரி சிகிச்சைக்கு வந்து குளோமிபீன் என்ற பழைய கருத்தரிப்பு மாத்திரை போட்டவர்களின் குழந்தைகளோடு வைத்துப் பார்த்தார்கள். குறைகள் லெட்ரோசோலில் 2.4 சதவீதம், குளோமிபீனில் 4.8 சதவீதம். பயத்துக்கு ஆதாரம் நிற்கவில்லை.

அப்படியிருந்தும் இந்தியாவில் 2011-ல் கருத்தரிப்பு சிகிச்சைக்கு இதைத் தடை செய்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் பி.சி.ஓ.டி. உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிபீனில் 19.1. பின்னர் இங்கேயும் தடையை விலக்கினார்கள். நடுவில் போன வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. அந்த வருடங்களில் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர்!

நாள் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். எந்த நாளில் தொடங்குவது, ஸ்கேன் எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு பீரோவைத் திறங்கள்.

கேள்வி: மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.1. பார்டர்லைன், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்கிறார்கள். இப்போதே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடங்கிவிட்டால் சர்க்கரை வராதா?
— வாசகர், ஆவடி

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டர்லைனில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று ஆண்டு பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். எதுவும் தனியாகச் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று மாறியவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 40.5. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. அதாவது நடைக்கு மேல் மாத்திரை சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தினமும் அரை மணி நேரம் நடங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் உங்கள் எடை, வயது, குடும்பச் சரித்திரம் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: ஒரு சர்க்கரை ஆய்வில் நான்கு மாதமாக இருக்கிறேன். பாதி நாள் மாத்திரை போடவில்லை, வயிறு பிரட்டுகிறது. சொன்னால் நீக்கிவிடுவார்களோ?
— வாசகி, சேலம்

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா, நாளைக்கே.

எங்களிடம் ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். 28 நாளுக்கு 35 மாத்திரை கொடுப்போம்; ஏழு மீதி வர வேண்டும். பாட்டிலைத் தட்டில் கொட்டி, கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் ஏழேதான். ஊருக்குப் போனாலும் ஏழு, காய்ச்சல் வந்தாலும் ஏழு. ஆறாவது மாதம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அழுதுவிட்டார். "போட்டா ஒரே குமட்டல் சிஸ்டர். சொன்னா டாக்டர் வருத்தப்படுவாரேன்னு கொல்லையில கொட்டிட்டேன்."

அவரை யாரும் திட்டவில்லை, நீக்கவும் இல்லை. டாக்டர் அந்தக் குமட்டலைப் பக்கவிளைவு என்று பதிவு செய்து, மேலே தெரிவித்தார். அதுவரை ஐந்து மாதமாக அவர் தாளில் 'தொந்தரவு ஏதுமில்லை' என்று நான்தான் எழுதியிருந்தேன். அவரைப் போலப் பத்துப் பேர் மறைத்தால், அந்த மருந்து கடைக்கு வரும் நாளில் டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தில் குமட்டல் என்ற வார்த்தை இருக்காது. விட்டுவிட்டுப் போட்டவர்களையும் சேர்த்துத்தான் கடைசிக் கணக்குப் போடுவார்கள், அதனால் நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை.

அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் ஆய்வு சிஸ்டருக்குப் போன் செய்யுங்கள். பாட்டிலை இருக்கிறபடியே கொண்டுபோங்கள். எந்தெந்த நாள் விட்டீர்கள், எப்போது குமட்டியது என்று நினைவிருப்பதை ஒரு சீட்டில் எழுதி, ரப்பர் பேண்டால் பாட்டிலோடு சுற்றிக் கொடுங்கள்.