தொப்பூர் கணவாய் மேல் பழி வேண்டாம்

1989 முதல் 2016 வரை ஏழு சட்டமன்றத் தேர்தல், ஒன்றுகூடத் தப்பாமல் எனக்குப் பணியாணை வந்தது என்று போன இதழில் ஒரு பதிலில் பெருமையடித்துவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி தேர்தல்தான். மாம்பூச்சி, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் தமிழ்நாடு முழுக்க தி.மு.க. கூட்டணி ஜெயித்தது. நம் தருமபுரி மாவட்டத்தில் ஐந்துக்கு ஐந்தும் எதிர்ப்பக்கம். நாம் மட்டும் என்ன தனி நாடா சார்?
*வாசகர், காரிமங்கலம்*

நாம் மட்டும் என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே பத்துக்குப் பத்து போனது.

சேலத்திலிருந்து நம் பக்கம் ஏறி வருகிற வழிதான் தொப்பூர் கணவாய். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர், "எந்த அலைக்கும் தொப்பூர் கணவாய் ஏற மூச்சு இருக்காது" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அலை கணவாய் அடிவாரத்துக்கே வந்து சேரவில்லை. சேலம் மாவட்டத்தில் 11 தொகுதி, தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தது சேலம் வடக்கு ஒன்றுதான். மாநிலம் முழுக்க 159 இடம் பிடித்த கூட்டணி அது.

காரணம் தேட வேண்டுமானால் 2016-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்னாகரத்தில் அன்புமணி ராமதாஸ் நின்றார். அ.தி.மு.க. சார்பில் கே.பி.முனுசாமி நின்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, தி.மு.க.வின் இன்பசேகரன் நடுவில் புகுந்து ஜெயித்தார். தருமபுரி தொகுதியும் அந்த வருஷம் தி.மு.க.வுக்குத்தான் போனது. 2021-ல் பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் கைகோத்தன. பென்னாகரத்தில் ஜி.கே.மணி, தருமபுரியில் வெங்கடேஸ்வரன் என்று இரண்டு இடமும் பா.ம.க.வுக்கு. மாநிலம் முழுக்க அந்தக் கட்சி ஜெயித்ததே ஐந்து இடம், அதில் இரண்டு நம்முடையது. ஆக, இங்கே பெரும்பாலும் வேலை செய்தது கூட்டல் கணக்கு. அதைக் கணக்கு வாத்தியாரே சொல்லியிருக்க வேண்டும்!

பாலக்கோடு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அங்கே கே.பி.அன்பழகன் 2001-லிருந்து தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்திருக்கிறார். 2006-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோதும் பாலக்கோடு அசையவில்லை.

2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒரே மாவட்டம். 2021-ல் அவர்கள் ஆறு தொகுதியைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பர்கூர், ஓசூர் தி.மு.க.வுக்கு, தளி இந்திய கம்யூனிஸ்டுக்கு. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி அ.தி.மு.க.வுக்கு. வேப்பனஹள்ளியில் ஜெயித்தவர், 2016-ல் பென்னாகரத்தில் தோற்ற அதே முனுசாமி. கிருஷ்ணகிரி தொகுதியில் வித்தியாசம் வெறும் 794 ஓட்டு. நடுத்தரமான ஒரு பூத்தில் ஒரு நாளில் விழுகிற ஓட்டு அவ்வளவுதான்.

அடுத்த தேர்தலில் எங்கள் தொகுதியில் யார் ஜெயிப்பார்கள்?
*வாசகி, பென்னாகரம்*

அதிக ஓட்டு வாங்குகிறவர்.

முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவையே எங்கள் ஊர் தோற்கடித்தது என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவருக்குக் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் உண்டு. உண்மையா?
*கல்லூரி மாணவி, பர்கூர்*

அப்பா இந்த விஷயத்தில் ஒரு ஓட்டுகூட மிகைப்படுத்தவில்லை. 1991-ல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். காங்கேயத்தை விட்டுக்கொடுத்து பர்கூரை வைத்துக்கொண்டார். அந்த ஐந்து வருஷம் உங்கள் ஊர் எம்.எல்.ஏ.தான் முதலமைச்சர். 1996-ல் அதே பர்கூரில் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். அவருடைய கட்சிக்கு அந்த முறை மொத்தமே நான்கு இடம்தான் கிடைத்தது.

அப்போது மெஷின் கிடையாது, காகித ஓட்டு. நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் நடந்ததால் ஆளுக்கு இரண்டு சீட்டு. நாடாளுமன்றத்துக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. மொரப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. முத்திரை குத்தியதும் முதலில் நீளவாக்கில் மடி, அப்புறம் குறுக்கே மடி என்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். மாற்றி மடித்தால் ஈர மை எதிரில் இருக்கும் சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணும்போது அந்த ஓட்டைச் செல்லும் என்று ஒரு கட்சி ஏஜென்ட்டும் செல்லாது என்று இன்னொருவரும் மல்லுக்கு நிற்பார்கள். ஒரு பாட்டி இரண்டு சீட்டையும் வெற்றிலை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கொண்டுவந்து, "எந்தப் பொட்டி சாமி?" என்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் சொல்கிற அந்த மொரப்பூர் ஒரு காலத்தில் தொகுதியாக இருந்ததே, எங்கே போனது?
*வாசகர், கம்பைநல்லூர்*

2008 தொகுதி மறுசீரமைப்பில் போனது. கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணமும் அப்படியே. பதிலுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியும் வேப்பனஹள்ளியும் வந்தன. 2011 தேர்தலிலிருந்து புதுக் கணக்கு. மொரப்பூருக்கு ரயில் நின்றால் போதும் என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

'டெபாசிட் காலி' என்கிறார்களே, எவ்வளவு ஓட்டு வாங்கினால் காலியாகாது?
*டீக்கடை வாசகர், பாலக்கோடு*

பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். சட்டமன்றத்துக்கு இப்போது கட்ட வேண்டியது 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பணம் பெரிய விஷயமில்லை, மானம்தான். 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தல் நடந்ததே, நினைவிருக்கிறதா? தி.மு.க. ஜெயித்தது, பா.ம.க. இரண்டாவது. எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வுக்கு டெபாசிட் போனது. ஒரு வருஷம் கழித்து 2011-ல் அவர்கள்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். இடைத்தேர்தலை வைத்து ஜோசியம் சொல்கிறவர்கள் உங்கள் கடைக்கு வந்தால் டீயோடு இதையும் கொடுங்கள்.

கழுதை மேல் ஓட்டு மெஷின் போனது நம் மாவட்டத்தில்தானா?
*ஏழாம் வகுப்பு மாணவன், ஒகேனக்கல்*

நம் மாவட்டத்தில்தான் தம்பி. கோட்டூர் மலைக்கு வண்டி போகப் பாதை இல்லாததால், மெஷினைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றினார்கள். கூடவே அலுவலர்கள் நடந்து ஏறினார்கள். அந்த மலை டூட்டி எனக்கு ஒருமுறைகூட விழவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஓசூரில் கம்பெனி வேலை, குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓட்டு இன்னும் அரூரில். ஓட்டுப் போடப் போய்வருவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது.
*வாசகர், ஓசூர்*

படிவம் 8 பூர்த்தி செய்யுங்கள். வீடு மாறியவர்களுக்கும் இப்போது அதுதான், 6 புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. ஆன்லைனிலும் கொடுக்கலாம், உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் (பி.எல்.ஓ.) கொடுக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். அரூரில் அம்மா கையால் ஒருவேளை சாப்பாடு போய்விடுமே என்று யோசித்தால், அது உங்கள் இஷ்டம்.

முதல் முறையாகத் தேர்தல் பணி வந்திருக்கிறது, அதுவும் தலைமை வாக்குப்பதிவு அலுவலராக. பயமாக இருக்கிறது சார்.
*ஆசிரியை, ஊத்தங்கரை*

பயம் இருக்கட்டும்மா. பயமில்லாமல் போனதால்தான் 2016-ல் நான் மாட்டப் பார்த்தேன்.

ஏழாவது முறை, எல்லாம் தெரியும் என்ற திமிர். விடியற்காலையில், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்ட்டுகள் கொட்டாவி விட்டபடி மாற்றி மாற்றி அழுத்த, ஐம்பது ஓட்டு முடிந்தது. 'க்ளோஸ்' அழுத்தினேன், 'ரிசல்ட்' அழுத்தினேன், எண்ணிக்கை சரியாக இருந்தது, எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வெளியே வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. பச்சைக் காகித முத்திரையைக் கையில் எடுக்கிறேன், மூலையில் பீடிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்த வயசான ஏஜென்ட் ஒருவர், "சார், அந்த அம்பதை யார் எடுத்துட்டுப் போறது?" என்றார்.

'கிளியர்' அழுத்தவே இல்லை! அப்படியே முத்திரை வைத்திருந்தால் முதல் ஓட்டு விழும் முன்பே ஐம்பது பொய் ஓட்டோடு பூத்தைத் திறந்திருப்பேன். அழித்து, 'டோட்டல்' அழுத்தி, பூஜ்யத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் எனக்கு வேர்வை அடங்கியது. அவர் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அன்று மதியம் என் சாம்பார் சாதப் பொட்டலத்தில் பாதி அவருக்கு.

ஆகவே, க்ளோஸ், ரிசல்ட், கிளியர். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாலும் தப்பில்லை. சாயங்காலம், ஓட்டுப் போட்டவர்களை எழுதிவைத்த 17ஏ பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் மெஷின் காட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு, ஓட்டுக் கணக்குப் படிவமான 17சி எழுதுங்கள். ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுக்க மறந்தால் வண்டி கிளம்பும்போது ஓடிவருவார்கள். முதல் நாள் இரவு பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டிவரும். கொசுவத்தி எடுத்துப் போங்கள். தீப்பெட்டியும்.