டார்கெட், ஃபைன், அட்வான்ஸ்: ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஷூ கம்பெனிகளில் மனிதவளப் பிரிவில் இருந்தவன் நான். வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. சட்டக் கேள்விகளை விட்டுவிட்டேன், அதற்கு லேபர் ஆபீஸ் இருக்கிறது.

ஆம்பூர், லைன் சூபர்வைசர்: சார், ஸ்டிச்சிங் லைனில் இன்சென்டிவ் போட்டும் எண்ணிக்கை ஏறவே இல்லை. டார்கெட் வந்துவிடும் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கையைத் தளர்த்திவிடுகிறார்கள். சோம்பேறித்தனமா, திமிரா?

இரண்டும் இல்லை, கணக்கு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் 14 ஆண்களைத் தனி அறையில் வேலை செய்யவிட்டு, ஒருவர் உட்கார்ந்து கவனித்தார். டெலிபோன் சுவிட்ச் கருவிகளுக்கு வயர் இணைக்கும் வேலை. குழுவாக அதிகம் செய்தால் எல்லோருக்கும் கூடுதல் கூலி. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி ஓடுகிறவனுக்குக் கேலி, சில சமயம் மேல்கையில் ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்கிறவனுக்கும் பேச்சு விழும். மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவனை யாருக்கும் பிடிக்காது. இன்று அதிகம் செய்து காட்டினால் நாளை ரேட்டைக் குறைப்பார்கள், இல்லை ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் அடியில் இருந்தது.

உங்கள் லைனிலும் இதைப் பார்க்கலாம். சாயங்காலம் தைத்து முடித்த அப்பர்களில் (ஷூவின் மேல்பாகங்களில்) கொஞ்சத்தைக் கூடையின் அடியில் போட்டு வைத்து, மறுநாள் காலைக் கணக்கில் சேர்ப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் தையல் மெஷின் மக்கர் பண்ணினாலும் பேச்சு வாங்காமல் தப்பிக்கலாம், டார்கெட்டும் ஏறாது. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்வீர்களா?

ஆகவே இன்சென்டிவை ஏற்றுவதற்கு முன்னால் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள். லைன் டார்கெட்டைத் தொட்ட பிறகு, அதே ஸ்டைலுக்கு, அதாவது அதே ஷூ மாடலுக்கு, எத்தனை முறை டார்கெட்டை ஏற்றியிருக்கிறீர்கள்? ஒரு முறை ஏற்றியிருந்தாலும் போதும், அது லைன் முழுக்கத் தெரிந்திருக்கும், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட. அந்த ஆர்டர் முடியும் வரை டார்கெட் மாறாது என்று போர்டில் எழுதிப் போட்டு, அதைக் காப்பாற்றிக் காட்டுங்கள். நம்பிக்கை வர இரண்டு மூன்று ஆர்டர் ஆகலாம்.

ஸ்டைல் மாறும்போது எண்ணிக்கை விழுவது வேறு பிரச்சினை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தயாரிப்பு ஆலையில் கோச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் ஆராய்ந்து 1948இல் எழுதினார்கள். வேலைமுறையை மாற்றிவிட்டோம் என்று அறிவிப்பு மட்டும் கொடுத்த குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவில்லை. சண்டை வந்தது, சிலர் வேலையை விட்டே போனார்கள். மாற்றத்தை எப்படிச் செய்யலாம் என்று உட்கார்ந்து பேச வைத்த குழுக்கள் சீக்கிரம் பழைய வேகத்துக்கு வந்து, அதையும் தாண்டின. குழுக்கள் சின்னவை, ஆய்வும் பழையது. ஆனால் புது ஸ்டைல் சாம்பிளை முதல் நாள் மாலையே லைனில் நாலு பேர் கையில் கொடுத்து "எங்கே இடிக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்க உங்களுக்கு என்ன செலவு?

ராணிப்பேட்டை சிப்காட், சிறு தொழிற்சாலை நடத்துபவர்: லேட்டாக வருகிறவர்களுக்கு ஃபைன் போடலாம் என்றிருக்கிறேன். பலன் இருக்குமா?

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பிள்ளையை அழைத்துப்போக நேரம் கழித்து வரும் பெற்றோருக்கு அபராதம். க்னீஸி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. முன்பு "டீச்சர் காத்திருப்பாரே" என்ற கூச்சம் இருந்தது. காசு கட்டியதும் அது போய்விட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. என்னைக் கவலைப்படுத்துவது இந்தக் கடைசிப் பகுதிதான், ஏனென்றால் "போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் எடுத்துவிடலாம்" என்று நாம் நினைக்கிறோம்.

ஃபைன் எங்கேயும் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. அந்த அபராதம் சின்னது, அதுவும் ஒரு காரணம். முதலில் லேட் ரெஜிஸ்டரில் யார், எந்த ஊர் என்று பாருங்கள். பாதிப் பேர் அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் வாலாஜா ரோட்டில் இறங்குகிறவர்கள் என்றால், நீங்கள் ஃபைன் போடுவது ரயிலுக்கு. அவர்களுக்கு ஷிப்டை இருபது நிமிடம் தள்ளி வையுங்கள்.

வேலூர், எம்.பி.ஏ. மாணவி: மாஸ்லோவின் தேவைப் பிரமிடை ஊழியர்களை ஊக்குவிக்க எப்படிப் பயன்படுத்துவது?

பரீட்சையில் எழுதப் பயன்படுத்துங்கள். சாப்பாடு, பாதுகாப்பு தொடங்கி மரியாதை வரை மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோ. 1943இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, படம் பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை தீர்ந்தால்தான் அடுத்த தேவை எழும் என்ற வரிசைக்கும் பிறகு வந்த ஆய்வுகளில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. வாடகை பாக்கி வைத்திருக்கும் ஆளுக்கும் மரியாதை வேண்டும்.

குடியாத்தம், லுங்கித் தறி வைத்திருப்பவர்: அண்ணா, சனிக்கிழமை கூலி கொடுக்கிறோம். புதன்கிழமையே கையை நீட்டுகிறார்கள். கொடுத்துப் பழக்கினால் கெட்டுப்போவார்கள் என்கிறார் அப்பா.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எண்ணிக்கைக்குக் கூலி. வேலைக்காலத்தின் முடிவில் மொத்தமாக வர வேண்டிய பணத்தில், அதுவரை சம்பாதித்ததைச் சிலருக்கு மட்டும் முன்னாடியே கொடுத்தார்கள். யாருக்கு என்பது குலுக்கல் மாதிரி. பணம் கைக்கு வந்தவர்களின் வேலை சுமார் 7 சதவீதம் கூடியது, அதிலும் ரொம்ப ஏழைகளிடம் இன்னும் அதிகம். கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. கூலி ரேட் மாறவே இல்லை. பலர் அந்தப் பணத்தில் கடனை அடைத்திருந்தார்கள், தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். ஆகவே புதன்கிழமை பாதி, சனிக்கிழமை மீதி என்று கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் தம்பி, இது உழைத்த காசைச் சீக்கிரம் கொடுப்பது. நம் பக்கத்தில் அட்வான்ஸ் என்று ஒரு பெரிய தொகையைக் கொடுத்து, அது தீரும்வரை வேறு தறிக்குப் போகாதே என்று ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் உண்டே, அது வேறு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதற்கு இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

வேலூர், வார்டு இன்சார்ஜ் நர்ஸ்: என் வார்டில் மருந்துத் தவறு ரிப்போர்ட் அதிகமாக வருகிறது. பக்கத்து வார்டில் மாதக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. மேலிடத்தில் என்னைக் கேள்வி கேட்கிறார்கள்.

சிஸ்டர், நீங்கள் கவலைப்பட வேண்டியது பக்கத்து வார்டைப் பற்றி. எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், நன்றாக இயங்கும் நர்ஸ் குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்து மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார். நேர்மாறாக வந்தது, நல்ல குழுக்களில்தான் எண்ணிக்கை அதிகம். முடிவு எதுவும் தெரியாத இன்னொருவரை வார்டுகளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சில வார்டுகளில் தவறை வாய்விட்டுச் சொல்கிறார்கள், சில வார்டுகளில் திட்டுக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. 1996இல் வந்த ஆய்வு.

மேலிடத்தில் காட்ட ஒரு வழி: ரிப்போர்ட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள், நோயாளி வரை போனவை, போவதற்கு முன்பே பிடித்தவை என்று. இரண்டாவது வகை நிறைய இருந்தால் உங்கள் பிள்ளைகள் கண்ணைத் திறந்து வேலை செய்கிறார்கள். முதல் வகையே நிறைய இருந்தால் மேலிடம் கேட்பதில் நியாயம் உண்டு.

காட்பாடி, ஜவுளிக்கடை மேனேஜர்: ஒரே வேலைக்கு ஆள் பார்த்துச் சம்பளம் கூடக் குறைய இருக்கிறது. வெளியே சொல்லாதே என்றுதான் கொடுக்கிறோம். தெரிந்தால் என்ன ஆகும்?

தெரியாமல் இருக்காது, மத்தியானச் சாப்பாட்டில் எல்லாம் வெளியே வந்துவிடும். பிரேஸா, கவுர், ஷம்தாசானி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒடிசாவில் மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்களை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. தன் கூலி அதேதான் என்றாலும், கூட உட்கார்ந்தவன் அதிகம் வாங்கும்போது ஒருவன் குறைவாக வேலை செய்தான், வருகையும் நன்றாகக் குறைந்தது. வராத நாளுக்குக் கூலி போகும் என்று தெரிந்தே வீட்டில் இருந்துவிட்டான். ஆனால் அதிகம் வாங்குகிறவன் உண்மையிலேயே அதிகம் செய்கிறான் என்று கண்ணால் பார்க்க முடிந்த இடங்களில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை.

பட்டுச்சேலைப் பிரிவில் அனுபவசாலிக்கு அதிகம் கொடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். முதலாளிக்குத் தெரிந்தவர் மகன் என்பதால் கொடுத்தால் மற்றவர்கள் வேலையில் அது தெரியும்.

வாலாஜாபேட்டை, தையல் யூனிட்: அக்னி நட்சத்திரத்தில் உற்பத்தி விழுகிறது. கம்பெனி செலவில் டீ, மோர் தவிர வேறு வழி?

விளக்குகளைப் பாருங்கள். பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய டியூப் லைட்டுகளை எடுத்து எல்.இ.டி. போட்டபோது மின்சாரம் மிச்சமானது மட்டுமில்லை, தையல் மேஜைக்கு மேலே சூடு குறைந்து வெயில் நாட்களில் உற்பத்தி கூடியது. மோரை நிறுத்திவிடாதீர்கள்.

வாணியம்பாடி, தோல் பதனிடும் குடும்பத்திலிருந்து: படித்துவிட்டு வந்திருக்கிறேன். ரெக்கார்டு வைக்கலாம் என்றால் அப்பாவும் பெரியப்பாவும் "நாற்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது" என்கிறார்கள்.

மும்பை அருகே 17 துணி ஆலை நிறுவனங்களில் ப்ளூம் என்ற பொருளாதார ஆய்வாளரின் குழுவினர் செய்த ஆய்வு உங்கள் வீட்டுக் கதைதான். அங்கேயும் குடும்பத் தொழில், குறையைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை, நூல் எவ்வளவு இருப்பு என்று பல இடத்தில் யாருக்கும் தெரியாது. ஆலோசகர்கள் வந்து தரப் பதிவு, இருப்புக் கணக்கு, மெஷின் பராமரிப்பு என்று சாதாரணமான விஷயங்களைத்தான் செய்தார்கள். முதல் வருடத்தில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பாதிப் பழக்கங்கள் கைவிடப்பட்டிருந்தன. அதற்கு ஒரு முக்கியக் காரணம், அவற்றை நடத்திய மேனேஜர் மாறிப்போனது.

எனவே மொத்த யூனிட்டையும் மாற்றக் கிளம்பாதீர்கள். தோல் பதனிடும் ஒரே ஒரு டிரம்முக்கு லாட் எண், போட்ட கெமிக்கல் எடை, எத்தனை தோல் தரம் இறங்கியது, இந்த மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுத ஏற்பாடு செய்யுங்கள். எழுதும் வேலையை மேஸ்திரியிடம் கொடுங்கள். நீங்களே எழுதினால், சென்னைக்குப் போன அன்றே நோட்டு நின்றுவிடும்.