பாதி மாத்திரை

கேள்வி: எங்கள் டைகருக்கு 14 வயது. ஆடிப்பெருக்கு அன்றுகூட எங்களோடு வாய்க்கால் வரை நடந்து வந்தது. புரட்டாசி பிறந்ததிலிருந்து பின்னங்கால்களை ஊன்ற முடியவில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர், ராத்திரியெல்லாம் முனகல். ஊசி போட்டுவிடலாமா என்றால் கணவர் பாவம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், பொங்கலுக்கு வரும்வரை ஒன்றும் செய்யாதீர்கள் என்று போனில் அழுகிறான். வலிக்கு மருந்தாக மாமியார் தன் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுகிறார். நான் என்ன முடிவெடுப்பது?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி அருகில்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். இன்று ராத்திரியே. மூட்டுவலிக்கு மனிதர்கள் விழுங்கும் டைக்லோஃபினாக், இபுபுரூஃபன் எல்லாம் நாயின் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்குப் பாதி என்பது அதன் உடம்புக்குப் பாதி இல்லை. மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறதா, வாந்தி எடுக்கிறதா, சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடுங்கள். அட்டையைக் காட்டி, எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாய்க்கான வலி மருந்தைத் தொடங்குமுன் அவர் சில நாள் இடைவெளி விட வேண்டியிருக்கும்.

மாத்திரைப் பேச்சு இன்னும் முடியவில்லை. கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, மகன் அழுதது இருக்கிறது, உங்கள் குழப்பமும் இருக்கிறது. மாமியார் மட்டும் மருந்துக் கணக்கில் ஒரு வரியாக வந்துபோகிறார். அது கெடுதல் என்று அவருக்குத் தெரியாது, சரி. பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்த நீங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அந்த வீட்டில் டைகருக்காகக் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். தன் வலிக்கு வைத்திருந்ததில் பாதி! மீதிப் பாதியோடு அவர் முட்டி என்ன பாடுபடுகிறது என்று யாராவது கேட்டீர்களா? “எழுந்திருக்க முடியவில்லை, படுத்த இடத்திலேயே போகிறது, இன்னும் எத்தனை நாளோ” என்றெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களே, அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் இருப்பவரும் வயதானவர் அம்மா. நாய்க்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவர் நாய்க்காக மட்டும் கவனிக்கவில்லை.

உங்கள் கணவருக்குப் பாவம் என்று தோன்றுவதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர் ராத்திரி எழுந்து நாயைப் புரட்டிப் படுக்க வைக்கட்டும், ஈரச் சாக்கை மாற்றட்டும்.

மகன் அழுவதும் நியாயம்தான். ஆனால் நம் ஊர்களில் ஐஸ் பெட்டியில் வைத்துப் பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பது இறந்த பிறகு. உயிரோடு இருப்பதை அப்படி வைக்க முடியாது. பொங்கலுக்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு நாயை இப்படித்தான் அண்ணன் வரட்டும் என்று வைத்திருந்தோம். இடுப்பில் படுக்கைப்புண், ஈரம், ஈ, கடைசியில் புழு. அண்ணன் வந்தான், பார்த்தான், கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான். உங்கள் மகனை இன்றே வீடியோவில் கூப்பிட்டு, நாய் எழுந்திருக்கத் தவிப்பதைக் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டர் பார்க்க வேண்டும். கால் விழுந்தது முதுகெலும்புக் கோளாறாலா, மூட்டுத் தேய்மானத்தாலா என்று தெரியாமல் ஊசியைப் பற்றிப் பேசுவதே தப்பு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அது தூரமில்லை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு, எடைக்குத் தக்கபடி மெலாக்சிகாம் கொடுப்பார்கள். நரம்பு வலி என்றால் கபாபென்டின். வழவழப்பான தரையில் படுக்கவிடாதீர்கள். சாக்கில் வைக்கோலை அடைத்துப் போடுங்கள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் கொல்லைக்கு நடத்திப் போகலாம்.

அப்புறம், தினசரி காலண்டரையும் பேனாவையும் மாமியார் கையில் கொடுங்கள். சாப்பிட்டதா, தூங்கியதா, ஆள் வந்தால் வாலை ஆட்டியதா என்று அவர் பார்க்கட்டும். நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. நாய் வலியை மறைக்கும். ராத்திரி பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். மருந்து கொடுத்தும் ஒரு வாரத்தில் பெருக்கல் குறி கூடிவிட்டால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். முதலில் மயக்க ஊசி கேளுங்கள். அது தூங்கிய பிறகுதான் நரம்பில் அளவு மீறிய மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். தலை யார் மடியில் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணவரும் அங்கே இருக்க வேண்டும். வயலுக்குப் போய்விடக் கூடாது.

குழியை மேட்டுப் பக்கமாக, கிணற்றுக்கும் அடிபம்புக்கும் எட்ட, ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும். வேறு நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

நாளை டவுனுக்குப் போகும்போது மாமியாரையும் அவருடைய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எத்தனை நாளாகப் பாதி மாத்திரையோடு நடமாடுகிறார் என்று நீங்களே அவர் முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள்.